தட்டில் வந்த கடிதம்

நேத்து நம்ம லயத்து வாட்ஸ்அப் குரூப்புல ஒரு போட்டோ வந்துச்சு. பழைய கறுப்பு வெள்ள போட்டோ. மேடையில மாலையோட ஒரு பெரிய மனுசன், பக்கத்துல நம்ம சேவை மன்றத்துத் தலைவர், நடுவுல கையில ஒரு கடிதத்தோட என் அக்கா, ஓரத்துல தட்டத் தூக்கிக்கிட்டுப் பல்லெல்லாம் தெரிய நிக்கிற ஒரு சின்னப் பொண்ணு. அந்தச் சின்னப் பொண்ணு நான்தான். படத்துக்குக் கீழ ‘பொற்காலம்’னு ஒரு வார்த்த. அவ்வளவுதான், ஆரம்பிச்சிட்டீங்க. கும்பிடற கை, ரோசாப்பூ, விளக்கு, இதயம். ஒருத்தர் ‘அந்தக் காலத்து மனுசங்க தெய்வங்க’ன்னு எழுதுறாரு. கனடாவுல இருக்கற இன்னொருத்தருக்குக் கண்ணு கலங்கிருச்சாம். கலங்கட்டும்.

பொற்காலமாம்! எனக்கு அறுபது ஆகப் போகுது. முட்டி வலிக்குது, கண்ணாடி இல்லாட்டி எழுத்து ஒண்ணும் தெரியாது, ஒத்த வெரலாலதான் தட்டுறேன். ஆனாலும் இத எழுதாம இன்னைக்குச் சோறு எறங்காது. நீங்க எல்லாரும் அந்தப் போட்டோ எடுத்த மண்டபத்துல இருந்தவங்கதான். கை தட்டுனவங்கதான். என்னத்துக்குக் கை தட்டுனீங்கன்னு தெரிஞ்சுக்க வேணாமா?

மொதல்ல நம்ம லயத்த ஞாபகப்படுத்துறேன். சில பேரு இப்ப மாடி வீட்டுல இருந்துக்கிட்டு ‘நாங்க பதுளை டவுன்ல வளந்தவங்க’ன்னு மட்டும் சொல்றது என் காதுக்கு வந்திருக்கு. டவுன்லதான் வளந்தோம், மார்க்கெட்டுக்குப் பின்னால, ஆத்துப் பக்கம் எறங்கற சரிவுல. டவுன் கூட்டறவங்களுக்கும் சாக்கடக் கான் கழுவறவங்களுக்கும் கட்டிக் குடுத்த லயம். ரெண்டு பக்கமும் பத்துப் பத்து ஒத்த ரூம் காம்பரா, தகரக் கூர, கடைசியில எல்லாருக்கும் சேத்து ஒரே ஒரு தண்ணிப் பீலி. மேல இருந்து மார்க்கெட்டு அழுகுன கோவா எல வாடை எறங்கும், கருவாட்டு வாடை எறங்கும். மூணு மணிக்கு மட்டும் பேக்கரியில சூடா பாண் எடுக்கற வாசன வரும். அந்த வாசனைக்குத்தான் நாம பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருவோம், அதையும் மறந்துட்டீங்களா?

எங்க அப்பா ரோட்டுக் கூட்டறவரு. அம்மா ஆஸ்பத்திரியில வார்டு கழுவற வேல. அக்காவுக்கு அப்ப பதினெட்டு வயசு, எனக்குப் பத்து. அந்த வருசம் மழக் காலத்துக்குக் கொஞ்சம் முன்னாலதான் மன்றத்துக்காரங்க நம்ம சரிவுல எறங்குனாங்க.

ஏழப் புள்ளைங்கள முன்னேத்தப் போறாங்களாம். தலைவருக்கு மெயின் ரோட்டுல துணிக்கட. வெள்ளச் சட்ட, தங்க மூக்குக்கண்ணாடி, வாயத் தொறந்தா ‘எதிர்காலச் செல்வங்கள்’. சும்மா சொல்லக் கூடாது, மனுசன் கெட்டவரு இல்ல. கெட்டவரா இருந்திருந்தா நாம கொஞ்சம் உசாரா இருந்திருப்போம். நல்லது செய்யணும்னு அவருக்குத் துடிப்பு இருந்துச்சு. ஆனா அந்த நல்லத நாலு பேரு பாக்கணும், போட்டோக்காரர் பக்கத்துல நிக்கணும், மைக்கு வேணும், மேட வேணும். வீட்டு வாசல்ல வச்சு ஒரு பென்சிலக் கூட அவரு யாருக்கும் குடுத்ததில்ல.

செருப்புக் குடுத்தது ஞாபகம் இருக்கா? அதையும் மேடை போட்டுத்தான். நம்ம பேரக் கூப்பிட, நாம ஏறிப் போய்க் கும்பிட்டு ஒரு சோடி ரப்பர் செருப்பு வாங்கிக்கிட்டு எறங்கணும். யாரும் கால அளந்து பாக்கல. எனக்குக் கெடச்சது அப்பாவுக்குப் போதும். எதிர்க் காம்பரா பையனுக்கு ரெண்டும் எடது கால். அவன் மேடையிலயே, “ஐயா, ரெண்டும் ஒரே பக்கமா இருக்குங்க,”ன்னான். தலைவரு சிரிச்ச முகம் மாறாம, “மொதல்ல போட்டோவுக்கு நில்லு தம்பி,”ன்னாரு. நின்னான். எறங்குன பெறகு லயத்துல ஒரு மணி நேரம் செருப்பு மாத்துற சந்தையே நடந்துச்சு. அவனுக்குக் கடைசி வரைக்கும் வலது கால் கெடைக்கல.

அப்புறம் ஒரு மேடம் வந்தாங்க, பேங்க் மேனேஜரோட சம்சாரம். சனிக்கெழம சனிக்கெழம வகுப்புன்னு பேனர் கட்டியாச்சு. மொத வகுப்பு என்ன தெரியுமா? கை கழுவறது எப்படி! பீலிக்குப் பக்கத்துல நம்மள வரிசையா நிப்பாட்டி, ஒரு கையால மூக்குல கைக்குட்டைய வச்சுக்கிட்டு, இன்னொரு கையால செவப்புச் சோப்பத் தூக்கிக் காட்டுனாங்க. ஊரையே கழுவுறவங்க வீட்டுப் புள்ளைங்களுக்குக் கை கழுவச் சொல்லித் தர வந்த ஆளுங்கள நான் அன்னைக்குத்தான் பாத்தேன். அம்மா ஆஸ்பத்திரி வேல முடிஞ்சு அந்தப் பக்கமா வந்துச்சு.

“நீங்களும் வந்து பாருங்கம்மா, சுத்தமா இருக்கறது எப்படின்னு சொல்லித் தர்றோம்,”ன்னாங்க மேடம்.

“இருக்கட்டுங்க மேடம். காலையில இருந்து இருவது படுக்கைக்குக் கீழ சுத்தம் பண்ணிட்டுத்தான் வர்றேன். மிச்சம் நாளைக்குக் கத்துக்கறேன்,”ன்னுச்சு அம்மா.

மேடத்துக்கு அது ஒறைக்கல. “ரொம்ப நல்லது,”ன்னாங்க. மூணு சனிக்கெழம வந்தாங்க. நாலாவது சனிக்கெழம மழ. அஞ்சாவது சனிக்கெழம பேனர் மட்டும் இருந்துச்சு, அதையும் ஆடு தின்னுருச்சு.

உண்மையா நமக்குக் கணக்கும் இங்கிலீசும் சொல்லிக் குடுத்தது யாரு? பேக்கரி நானா. முஸ்லிம் அண்ணன்மார நாம நானான்னுதானே கூப்பிடுவோம். அந்த முஸ்லிம் பையனுக்கு அப்ப இருவத்திரண்டு வயசு கூட இருக்காது. பாண் போட்டு முடிச்சிட்டு, முடியெல்லாம் மாவோட, கருகுன பாண் துண்டுகள ஒரு கோதுமச் சாக்குல கட்டிக்கிட்டு எறங்கி வருவாரு. மொதல்ல பாண், பெறகு பாடம். அக்காவோட ஓஎல் பரீட்சைக்கு ராப்பகலா நின்னது அவருதான். மன்றத்துல அவரு உறுப்பினர் இல்ல. நேத்து வந்த போட்டோவுல தேடிப் பாருங்க, அவரு இருக்க மாட்டாரு. மண்டபத்துல கடைசிச் செவுரு ஓரமா நின்னுக்கிட்டு இருந்தாரு.

அக்கா ஓஎல் பாஸ் பண்ணுச்சு. நம்ம லயத்துல மொதல் ஆளு. அதுக்கு ஒரே ஆச, நர்ஸ் ஆகணும். வேற எந்தப் பேச்சும் கெடையாது. சின்ன வயசுல அம்மாவுக்குச் சோறு கொண்டு போகும்போது அந்த வெள்ள உடுப்பப் பாத்து மயங்கி நின்ன ஆளு அது. அம்மா கூட்டி விட்ட அதே வார்டுல, அதே தரையில, வெள்ளச் சப்பாத்துப் போட்டுக்கிட்டு நடக்கணும். அவ்வளவுதான் அது கேட்டது. அம்மா காதுல அது விழுந்த அன்னைக்குப் பாத்திரம் கழுவறப்ப பாட்டு வரும்.

பேப்பர்ல நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் கேட்டிருந்தாங்க. அப்பாகிட்ட இலங்கைப் பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்துச்சு, தகரப் பொட்டியில துணிக்கு அடியில. அது இல்லாத வீட்டுப் புள்ளைங்க விண்ணப்பம் போடவே முடியாது. நம்ம லயத்துல பாதிப் பேருக்கு அந்தப் பேப்பர் இல்ல. அதனால அக்காவோட விண்ணப்பம் லயத்துக்கே ஒரு விசேசம் மாதிரி ஆயிருச்சு. நானா பேனாவ எடுத்து நிரப்பவே ஆரம்பிச்சிட்டாரு. ஆனா அப்பா தடுத்துட்டாரு. “பெரிய மனுசன் ஒருத்தர் கையால போனாத்தான் மதிப்பு,”ன்னாரு. பேக்கரிப் பையன் எழுதுனா மதிப்பில்லையாம். எங்க அப்பாவுக்கு ஆயுசு பூரா இந்தச் சீக்கு இருந்துச்சு, வெள்ளச் சட்டையக் கண்டா முதுகு தானா வளையும்.

தலைவரு கடையில வச்சு விண்ணப்பத்த நிரப்புனாரு. நானும் போயிருந்தேன். விலாசம் வந்த எடத்துல பேனா நின்னுச்சு.

“லயம்னு போடாத மகள். பாத்த ஒடனே ஒதுக்கி வச்சிருவாங்க. என் கட விலாசத்தப் போடுவோம். மெயின் ரோட்டு விலாசம், கௌரவமா இருக்கும்.”

அக்கா தயங்குச்சு. “எங்க லயத்துக் கடிதமெல்லாம் அப்பா வேல பாக்கற ஓவசியர் ஆபீசுக்கு வந்துருங்க. அப்பா அன்னன்னைக்கே எடுத்துட்டு வந்துருவாரு…”

“அதுவும் இதுவும் ஒண்ணா? நான் இருக்கேன்ல?”

அப்பா பின்னால இருந்து, “ஐயா சொல்றபடி செய்யி,”ன்னாரு. விலாசம் மாறிருச்சு. ஓவசியர் ஆபீசுல எண்ணெயும் தூசியுமா கெடக்குற மேசையில, நம்ம கடிதங்க அழுக்கானாலும் அன்னைக்கே கைக்கு வந்து சேந்துரும். அப்பா சட்டப் பையில இருந்து எடுக்கும்போது வேர்வையில நனஞ்சிருக்கும், அவ்வளவுதான். அந்த ஆபீச நாம கேவலமா நெனச்சோம் பாருங்க.

அதுக்குப் பெறகு அக்காவுக்கு ஒரே வேல, காத்திருக்கறது. தபால்காரர் மெயின் ரோட்டுல போற நேரம் பாத்து, தாவணிய மாத்திக்கிட்டு, கொடையப் புடிச்சுக்கிட்டு மேல ஏறும். கட வாசல்ல செருப்பக் கழட்டிட்டு நிக்கும். தலைவரு உள்ள இருந்தே, “வரும் மகள், வரும். அரசாங்கக் காரியம்னா பொறும வேணும்,”பாரு. திரும்பி வந்து அடுப்புக்கிட்ட குந்திக்கும். அந்த மழக் காலம் பூரா நம்ம காம்பராவுல ஈரக் கொட வாடைதான்.

இப்ப நான் சொல்லப் போறது உங்க யாருக்கும் தெரியாது. எங்க அம்மாவும் அப்பாவும் கூடத் தெரிஞ்சுக்காமயே போய்ச் சேந்துட்டாங்க.

மன்றத்து ஆண்டு விழாவுக்கு என்னைத் தட்டுத் தூக்கத் தெரிவு செஞ்சிருந்தாங்க. சட்ட அளவு பாக்கறதுக்குப் பள்ளிக்கூடம் விட்டு நேரா கடைக்கு வரச் சொன்னாங்க. போனேன். கடக்காரப் பொண்ணு ஒரு நைலோன் சட்டைய எடுத்து மேல போட்டுப் பாத்துச்சு. இளஞ்செவப்பு, கழுத்துல லேசு, இடுப்புல பட்டி. அந்தச் சட்டைய நான் மூணு மாசமா கண்ணாடி ஷோகேசுல பாத்துக்கிட்டு இருந்தவ. கழுத்து லேசத் தடவித் தடவிப் பாத்தேன். அப்பத்தான் தலைவரு என்னக் கூப்பிட்டு, கண்ணாடி அலுமாரியத் தொறந்து, பொன்னாடைக்குப் பக்கத்துல இருந்து ஒரு நீளமான மண்ணெறக் கவர எடுத்துக் காட்டுனாரு.

“இது யாருக்குன்னு வாசி பாப்போம்.”

வாசிச்சேன். அக்கா பேரு. மேல அரசாங்க முத்திர.

“ஐயோ, அக்காவோட லெட்டர்! குடுங்க ஐயா, நான் கொண்டு போய்க் குடுத்துர்றேன்.” கைய நீட்டிட்டேன். நீட்டுனேன், அது உண்ம. அத மட்டும் நான் என் பக்கம் எழுதிக்கிறேன்.

“அட மக்குப் புள்ள! இப்பக் குடுத்தா என்ன இருக்கு? வர்ற ஞாயித்துக்கெழம விழா. கொழும்புல இருந்து வர்ற பெரிய ஐயா கையால, எல்லாரும் பாக்க, மேடையில வச்சுக் குடுப்போம். நீதான் தட்டுல வச்சுத் தூக்கிட்டு வரணும். அக்கா முகம் எப்படி இருக்கும், நெனச்சுப் பாரு! ஆனா ஒண்ணு, ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா எல்லாம் கெட்டுரும். அப்புறம் தட்டு வேற புள்ளைக்குத்தான்.”

தட்டு வேற புள்ளைக்குன்னா சட்டையும் வேற புள்ளைக்கு. எனக்கு அது போதும்.

அந்த ஞாயித்துக்கெழம விழா நடக்கல. கொழும்பு ஐயாவுக்குக் காச்சல். அடுத்த ஞாயித்துக்கெழமைக்குத் தள்ளிப் போட்டாங்க. அன்னைக்கு அப்புத்தளைப் பக்கம் ரோட்டுல மண் சரிஞ்சு கார் வர முடியல. பெறகு தீவாளி வந்துச்சு. பெரிய ஐயா ஊருக்குப் போயிட்டாரு. விழா இன்னும் தள்ளிப் போச்சு. கவரு அலுமாரியில இருந்துச்சு. இதுல தலைவரோட பெரும என்னன்னா, அவரு அதப் பிரிச்சுப் பாக்கல. அடுத்தவங்க கடிதத்தப் பிரிக்கறது பாவமாம். வச்சுக்கறது புண்ணியம் போலிருக்கு!

ஒரு நாளைக்கு ஒரு தடவ அக்கா கடைக்கு ஏறிப் போகும். ஒரு நாளைக்கு ஒரு தடவ அவரு “வரும் மகள்”பாரு. நான் ரெண்டையும் பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்குக் கொஞ்சம் கூடக் கஷ்டமா இல்ல, இத நல்லாக் கேட்டுக்கங்க. சந்தோசமா இருந்துச்சு. பெரியவங்க ரகசியம் என் வயித்துக்குள்ள இருக்குன்னு ஒரு மெதப்பு. அக்கா அழுதா, ‘அழு அழு, அன்னைக்குத் தெரியும் ஒனக்கு’ன்னு நெனச்சுக்குவேன்.

தீவாளிக்கு மொத நாளு அக்கா என் தலையப் பின்னி விட்டுக்கிட்டு இருந்துச்சு. நல்லெண்ணெய் வாசன. பின்னிக்கிட்டே மெதுவா கேட்டுச்சு.

“நீ சட்ட அளவுக்குக் கடைக்குப் போனியே, அங்க லெட்டர் ஏதாச்சும் ஒன் கண்ணுல பட்டுச்சா?”

“இல்லையே.”

“மேசையில, அலுமாரியில, எங்கயாச்சும்?”

“இல்லன்னு சொல்றேன்ல!”

சடைய இறுக்கிக் கட்டிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. பத்து வயசுல அவ்வளவு சுத்தமா பொய் சொல்ல எனக்கு யாரும் கத்துத் தரல. மேடைக்கு ஆசப்பட்டா தானா வருது.

விழா நாளு உங்களுக்கே தெரியும். காலையில ஒம்பது மணிக்குன்னு சொல்லி, பதினொன்றரைக்குத்தான் பெரிய ஐயா வந்தாரு. அதுவரைக்கும் நாம பசியோட பெஞ்சுல. தலைவரு மைக்கப் புடிச்சு, “இந்தச் சேரியில இருந்து ஒரு தாமர,”ன்னு ஆரம்பிச்சாரு. நம்ம எடத்துக்கு நம்ம முன்னாலயே ஒரு பேரு! அதுக்கும் கை தட்டுனீங்க. நம்ம அப்பன் ஆத்தா எல்லாரும் தட்டுனாங்க.

அக்காவ மேடைக்குக் கூப்பிட்டாங்க. எதுக்குன்னு தெரியாம, மொகமெல்லாம் வேர்க்க ஏறி வந்துச்சு. நான் அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு, தட்டுல ரோசாப்பூவும் கவரும் வச்சு, சொல்லிக் குடுத்த மாதிரி சின்னச் சின்ன அடியா வந்தேன். கவரப் பாத்ததும் அக்கா ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிச்சு. பெரிய ஐயா எடுத்துக் குடுத்தாரு. போட்டோக்காரர், “இந்தப் பக்கம், இந்தப் பக்கம்,”ன்னாரு.

“பிரி மகள், பிரி! எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாசி!”

அக்கா பிரிச்சுது. வாசிச்சுது. நான் ரெண்டடி தள்ளி நின்னேன், அது கண்ணு மேல இருந்து கீழ போனதப் பாத்தேன், ஒரு எடத்துல போய் நின்னதப் பாத்தேன். மறுபடி மேல போய் மறுபடி அதே எடத்துல நின்னுச்சு. அப்புறம் மைக்கு முன்னால குனிஞ்சு, “நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லியிருக்காங்க,”ன்னு மட்டும் சொல்லுச்சு. மண்டபமே அதிர்ந்துச்சு. “சிரிங்க,”ன்னாரு போட்டோக்காரர். சிரிச்சுச்சு. அந்தச் சிரிப்பத்தான் நேத்து நீங்க இதயம் போட்டு ரசிச்சீங்க.

மேடைய விட்டு எறங்கி நேரா கடைசிச் செவுத்துக்கிட்ட போயி நானாகிட்டக் கடிதத்தக் குடுத்துச்சு. நான் தட்டோட பின்னாலயே ஓடுனேன். நானா வாசிச்சிட்டு அக்காவப் பாத்தாரு.

“தங்கச்சி, இது போன செவ்வாய்க்கெழமையே முடிஞ்சிட்டே.”

அஞ்சு நாளு. அலுமாரியில பொன்னாடைக்குப் பக்கத்துல இருந்ததோ ஒரு மாசத்துக்குக் கிட்ட.

நானா கோவத்துல மேடப் பக்கம் போகப் பாத்தாரு. அக்கா கையப் புடிச்சு நிப்பாட்டிருச்சு. அப்பா போனாரு, கும்பிட்டுக்கிட்டேதான் போனாரு. தலைவரு மொகம் கொஞ்சம் வெளுத்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா வாயில வந்தது என்ன? “நான் பிரிச்சே பாக்கல. அடுத்தவங்க கடிதத்தப் பிரிக்கற பழக்கம் எங்க பரம்பரையிலயே இல்ல.” பெறகு, “அடுத்த தடவ பாத்துக்கலாம், மனசத் தளர விடாத மகள்,”ன்னு சொல்லிட்டு, பெரிய ஐயாவ சாப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. மன்றத்துல யாரும் கூடக் கொழும்புக்கு வரேன்னு சொல்லல. அங்க போட்டோ எடுக்க என்ன இருக்கு?

மறுநாள் காலையில அக்காவும் அப்பாவும் ஸ்டேசனுக்குப் போய்க் கொழும்புக் கோச்சி ஏறுனாங்க. கோச்சிக் காசு நானா குடுத்தாரு. அந்த ஆபீசுல ஒரு சிங்கள அம்மா இருந்தாங்களாம், தங்கமான மனுசி. லெட்டர வாங்கிப் பாத்துட்டு, “பரக்குய் நங்கி,”ன்னு சொன்னாங்களாம், ரொம்பப் பிந்திருச்சு தங்கச்சின்னு. பட்டியல் போயிருச்சாம். ஏன் வரலன்னு கேட்டதுக்கு அக்கா என்னத்தச் சொல்லும்? விழா வச்சிருந்தாங்க, அதனால வரலன்னா? லெட்டர மடிச்சு எடுத்துக்கிச்சாம். அந்தம்மா அக்காவுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பியிருக்காங்க. திரும்பி வந்த அப்பா எங்கிட்டயும் அம்மாகிட்டயும் சொன்ன மொத வார்த்த, “ஐயா மேல யாரும் வருத்தப்படக் கூடாது. நல்லது நெனச்சுத்தான் செஞ்சாரு.” அம்மா அன்னைக்கு அடுப்புல வச்ச சோத்தப் பீலிக்கிட்ட கொண்டு போய்க் கொட்டிருச்சு. அது அப்படிச் செஞ்சத நான் வேற எப்பவும் பாத்ததில்ல.

நைலோன் சட்ட? அது மறுநாளே கடைக்குத் திரும்பிப் போயிருச்சு. கடக்காரப் பொண்ணு வந்து வாங்கிட்டுப் போச்சு. தேச்சு மறுபடி ஷோகேசுல மாட்டியிருந்தாங்க, கழுத்து லேசுல என் வேர்வைக் கற அப்படியே இருந்துச்சு. இதுக்குத்தான் நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன், ஒரு நாள் எரவல் சட்டைக்கு. தலைவரத் திட்டற வாயால என்னையும் திட்டிக்கிறேன், நீங்க சிரமப்பட வேணாம்.

அடுத்த தடவ விண்ணப்பம் கேட்டப்ப அக்கா கொஸ்லந்தையில கல்யாணம் ஆகி, இடுப்புல புள்ளையோட இருந்துச்சு. தேயிலை பறிச்சுச்சு, பெறகு தோட்டத்துப் புள்ளக் காம்பராவுல தாய்மாருங்க வேலைக்குப் போற நேரம் கொழந்தைங்களப் பாத்துக்கிச்சு. யாருக்குக் காச்சல்னாலும் மொதல்ல அக்காகிட்டத்தான் தூக்கிட்டு வருவாங்களாம். அந்தப் போட்டோவ மட்டும் மன்றத்துக்காரங்க கண்ணாடி போட்டு அனுப்பி வச்சாங்க. அது அம்மா காம்பராவுல கொஞ்ச நாள் திரும்பிச் செவுத்தப் பாத்துக்கிட்டுத் தொங்குச்சு, பெறகு காணல.

சரி, இதெல்லாம் பழைய கத, இப்ப எதுக்குன்னு கேப்பீங்க. சொல்றேன். அந்தப் போட்டோவ குரூப்புக்கு அனுப்புனது தலைவரோட மகன். மன்றத்துக்கு இப்ப அவன்தான் தலைவர். நேத்து மத்தியானம் எனக்குப் போன் போட்டான்.

“ஆன்ட்டி, மன்றத்து ஆண்டு நிறைவு விழா வருது. அந்தக் காலத்துல நம்மளால பயன் பெற்றவங்க எல்லாரையும் மேடைக்குக் கூப்பிட்டு கௌரவிக்கிறோம். பெரியம்மாதான் மெயின். அந்தப் போட்டோவப் பெரிசா பேனர்ல அடிக்கிறோம்.”

“எந்தப் பெரியம்மா?”

“உங்க அக்காதான் ஆன்ட்டி. பொன்னாட போர்த்தி, நினைவுச் சின்னம் குடுத்து, அப்புறம் ஒரு ஸ்பெஷல் இருக்கு. நீங்க எப்படியாவது கொஸ்லந்தையில இருந்து கூட்டிட்டு வந்துருங்க. ஆனா அவங்ககிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிராதீங்க ஆன்ட்டி. மேடையில சர்ப்ரைஸா இருக்கட்டும்.”

அப்பன் கொரலு அப்படியே இருந்துச்சு, அந்த இழுவையும். எனக்கு ஒரு நிமிசம் நல்லெண்ணெய் வாசன வந்துச்சு. “சரி தம்பி,”ன்னு மட்டும் சொன்னேன்.

அவன் போன வச்ச கையோட அக்காவுக்கு அடிச்சேன். சிக்னல் இல்ல. மறுபடி அடிச்சேன். வீட்டுக்கு வெளிய வந்து, மதில்கிட்ட நின்னு மறுபடி அடிச்சேன். எடுத்துச்சு. மூச்சு விடாம எல்லாத்தையும் ஒப்பிச்சேன், விழா, பேனர், பொன்னாட, ஸ்பெஷல், சொல்லக் கூடாதுன்னு அவன் சொன்னது, எல்லாம்.

அக்கா கேட்டுக்கிட்டே இருந்துச்சு. பின்னால கோழி கத்துது. அப்புறம் சிரிச்சுச்சு.

“எதுவா இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டாந்து குடுக்கச் சொல்லு. வந்த அன்னைக்கே.”

“சொல்லிர்றேன்.”

நான் போன வைக்கப் போனேன். அக்கா வைக்கல.

“ஏய்.”

“என்னக்கா?”

“இந்தத் தடவையாச்சும் ஒடனே சொன்னியே.”